ஒரு குப்பி குறைந்தது

ஐஸ் அத்தை என்று அவளுக்குப் பெயர் வைத்தது அண்ணன் மகள்தான். அவளுக்கு வேலை முழுக்கக் குளிரறையில். அங்கிருந்து நேராக வந்து தூக்கினால் குழந்தை வீலென்று கத்தும். பேச்சு வந்ததும் அது வைத்த பெயர் வீட்டில் எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்டது.

அவளுடைய கம்பெனி ஆய்வுக்கூடங்களுக்காக மனித நொதிகளை, அதாவது என்சைம்களை, தயாரிக்கிறது. மனித மரபணு ஒன்றைப் பாக்டீரியாவுக்குள் நுழைத்து எஃகுத் தொட்டியில் பெருக்குவார்கள். பாக்டீரியாவும் சொன்ன பேச்சைக் கேட்டு, தனக்கு எதற்கும் உதவாத ஒரு பொருளைச் செய்து குவிக்கும். பிறகு பாக்டீரியாவை உடைத்து, அந்தக் குப்பை கூளத்திலிருந்து நொதியை மட்டும் பிரிக்க வேண்டும். அது ஐஸ் அத்தையின் பொறுப்பு. கம்பளிக் குல்லாயோடு நின்று, கண்ணாடிக் குழாயில் சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கடைசியில் விரல் நுனியளவு குப்பிகளில் அடைத்து உறைய வைப்பார்கள். ‘ஆய்வுக்கு மட்டும், மனிதர்களுக்குச் செலுத்தக் கூடாது’ என்று குப்பிக்குக் குப்பி ஒட்டியிருக்கும்.

அவற்றை ட்ரை ஐஸ் பெட்டியில் வைத்து வேனில் விமான நிலையத்துக்குக் கொண்டுபோனது அவளுடைய அண்ணன். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான்.

குழந்தைக்கு நாலு வயதானபோது கால்கள் விறைக்க ஆரம்பித்தன. சாப்பிட்டால் வாந்தி, எந்நேரமும் சோர்வு. ஈரலில் ஒரு நொதி பிறவியிலேயே இல்லை, அதனால் புரதக் கழிவு இரத்தத்தில் தேங்குகிறது என்றார் டாக்டர். இனிமேல் பால், முட்டை, பருப்பு எல்லாமே அளந்துதான். நொதியின் பெயரை அவர் சொன்னதும் அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். செருப்பைக்கூடக் கழற்றாமல் தங்கை வீட்டுக்குள் வந்து நின்றான்.

“அந்தப் பேரை நான் தெனம் பெட்டி மேல பாக்குறேன். அதே நொதிதானே?”

“அதேதான் அண்ணே.”

“அப்புறம் என்ன? ஒண்ணு எடுத்துக் குடு.”

“குடுக்கக் கூடாது. அது மருந்து இல்ல. பாக்டீரியாவோட விஷம் கொஞ்சம் அதுல தங்கியிருக்கும். ஆராய்ச்சி பண்றவங்களுக்கு அதனால ஒண்ணுமில்ல. பாப்பாவுக்கு ஏத்தினா காய்ச்சல் வந்து உயிருக்கே ஆபத்தாயிடும்.”

“மனுஷ நொதிங்கறே. மனுஷனுக்குக் கூடாதுங்கறே.”

“ஆமாம். ரெண்டும் நெசம்தான்.”

அண்ணன் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான். மறுநாள் அந்தத் தொட்டி முன் நின்றபோது அவளுக்கு வேலையே ஓடவில்லை. ஊர் பேர் தெரியாத ஆய்வுக்கூடங்களுக்கெல்லாம் போகிறது, நம் வீட்டுப் பிள்ளைக்கு ஆகாது.

சில வாரம் கழித்து, வெளிநாட்டுக்குப் போன பெட்டியில் ஒரு குப்பி குறைகிறது என்று தகவல் வந்தது. பெட்டி கட்டும் அக்கா தலையில் பழி விழுந்தது. ‘எண்ணித்தான் வச்சேன்’ என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு சொல்லியும், விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஐஸ் அத்தை அண்ணன் வீட்டுக்குப் போனாள். பாப்பா குளிர்ந்த ஜூஸ் கேட்டது. ஐஸ் எடுக்க ஃபிரீசரைத் திறந்தாள். பட்டாணிப் பாக்கெட்டுக்குப் பின்னால், ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அந்தக் குப்பி இருந்தது. பக்கத்தில் உறை பிரிக்காத ஊசி.

டப்பாவோடு வாசலுக்கு ஓடினாள். “அண்ணே, போட்டுட்டியா?”

அண்ணன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். “இல்ல. ரெண்டு தடவ கையில எடுத்தேன். நீ சொன்னது காதுல கேட்டுக்கிட்டே இருந்துச்சு. கை வரல.”

அவள் குப்பியைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். “நாளைக்கு மேனேஜர்கிட்ட சொல்லணும். அந்த அக்கா வேலையில்லாம நிக்கிறாங்க.”

“கூடப் பொறந்தவனைக் காட்டிக் குடுப்பியா?” அண்ணி அடுப்படியிலிருந்து பாய்ந்து வந்தாள். “குப்பையில போட்டுட்டுப் பேசாம போயேன்! யாருக்குத் தெரியும்?”

ஐஸ் அத்தை பையை இழுத்து மூடினாள். அண்ணன்தான் சொன்னான்: “விடு. நானே வரேன்.”

காலையில் இருவரும் சேர்ந்தே போனார்கள். மேனேஜர் கத்தவில்லை. பாப்பாவைப் பற்றி விசாரித்தார், போலீசுக்குப் போகவில்லை. ஆனால் வேன் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். பெட்டி கட்டும் அக்கா மறுநாள் வேலைக்குத் திரும்பினார். அண்ணனுக்குப் பள்ளி பஸ் ஓட்டும் வேலை கிடைக்க நாளாயிற்று. அதுவரை வீடு தள்ளாடியது. அண்ணி நாத்தனாரோடு பேச்சை அடியோடு நிறுத்திவிட்டாள். போன் எடுத்தால்கூட ‘ஐஸ் கம்பெனி லைன்ல இருக்கு’ என்று அண்ணனிடம் நீட்டிவிடுவாள்.

பாப்பா பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு, ஒரு தோழியின் பிறந்தநாளில் பாலும் முட்டையும் சேர்த்த சீஸ் கேக்கை ஒரு கை பார்த்துவிட்டது. சாயங்காலம் கண் செருகியது. அண்ணன் பஸ்ஸோடு எங்கேயோ இருந்தான். அண்ணி முதலில் கூப்பிட்டது ஐஸ் அத்தையைத்தான்.

“இவ எந்திரிக்க மாட்டேங்குறா. எனக்கு ஒண்ணும் ஓடல. நீ வா.”

ஆஸ்பத்திரி வராந்தாவில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். டிரிப்ஸ் இறங்க இறங்கப் பாப்பா தெளிந்து, நர்ஸிடம் மிச்ச கேக் எங்கே என்று கேட்டது. அண்ணி சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல், “அன்னைக்கு அவர் ஊசியைப் போட்டிருந்தா...” என்று ஆரம்பித்து நிறுத்தினாள். ஐஸ் அத்தை அவளுக்கு டீ வாங்கப் போனாள்.

பாப்பாவுக்கு இப்போது பதின்மூன்று. விறைத்த காலில் தாங்கு பட்டை கட்டித்தான் நடக்கிறாள், ஆனால் வாய் மட்டும் ஓடும். போன மாதம் ஊழியர் குடும்பங்களுக்குக் கம்பெனியைச் சுற்றிக் காட்டினார்கள். எஃகுத் தொட்டியை அண்ணாந்து பார்த்தாள்.

“என்கிட்ட இல்லாதது இங்க டேங்க் டேங்கா இருக்கா?”

“ஆமாண்டி.”

“எனக்கு ஏத்துற மாதிரி எப்போ செய்வீங்க?”

“இங்க செய்ய மாட்டோம். இதை வாங்கி ஆராய்ச்சி பண்றவங்க என்னிக்காவது செய்யலாம். எப்போன்னு எனக்குத் தெரியாது.”

“சரி. அவங்களுக்குச் சீக்கிரம் அனுப்பு,” என்று சொல்லிவிட்டு, பட்டை கட்டிய காலை ஊன்றி அடுத்த தொட்டியைப் பார்க்கப் போனாள்.