பிடிலுக்கு வைத்த மைக்

எழுபதுகளின் கடைசியில் மதுரையில் ஒரு மெல்லிசைக் குழு நடத்தினேன். நான் கிடார். பிடிலுக்கு ஒரு பையன் இருந்தான். சோழவந்தான்காரன், வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம், மதுரையில் ஒரு மில்லில் கிளார்க் வேலை. மற்றவர்கள் பிடிலில் கீர்த்தனை வாசித்துக்கொண்டிருக்க, இவன் மட்டும் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் வீட்டு ரெக்கார்டுகளைக் கேட்டுக் கேட்டு, அமெரிக்காவில் கௌபாய்கள் ஆடுவதற்கு வாசிக்கும் துள்ளலைப் பிடித்து வைத்திருந்தான். வில் குதிக்கும். கேட்பவன் கால் சும்மா இருக்காது.

எங்கள் தொழிலில் ஒரே சட்டம், சினிமாப் பாட்டு ரெக்கார்டில் இருப்பதை இருப்பதுபோல வாசிப்பது. இவனோ இடையிசை வந்தால் தன் இஷ்டத்துக்குக் கிளம்பிவிடுவான். ஜனம் முகம் சுளிக்கும் என்று மிரட்டிப் பார்த்தேன். ஜனம் விசிலடித்தது. அழகர்கோவில் பக்கம் ஒரு கச்சேரியில், 'பிடில்காரரை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லவும்' என்று மேடைக்குச் சீட்டு வந்தது. பாட்டு கேட்டுத்தான் சீட்டு வரும். ஆளைக் கேட்டு வந்தது அதுதான் முதல் தடவை. படித்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பொறாமைதான், வேறென்ன.

அதன்பிறகு மைக்செட்காரரிடம் ரகசியமாக ஓர் ஏற்பாடு செய்தேன். நான் காதைச் சொறிந்தால் அவர் பிடில் மைக்கின் சத்தத்தை அடியோடு இறக்கிவிட வேண்டும். அவனுக்குத் தெரியவே தெரியாது. தாடைக்கடியில் இருக்கும் வாத்தியம் அவன் காதுக்குக் கேட்டுக்கொண்டேதானே இருக்கும்!

வேலையை விட்டுவிட்டு மெட்ராஸ் போய் சினிமாவுக்கு வாசிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. அவனுடைய அப்பா அதுவரை அவன் வாசித்துக் கேட்டதில்லை. "தங்கச்சி கல்யாணத்துல வாசி. கேட்டுட்டுச் சொல்றேன், போகலாமா வேணாமான்னு" என்று சொல்லியிருந்தார்.

"அண்ணே, அன்னைக்கு ஒரே ஒரு பாட்டு, என் இஷ்டத்துக்கு வாசிச்சுக்கிறேண்ணே" என்றான். தலையாட்டினேன்.

சோழவந்தானில் சாயங்கால ரிசப்ஷன். பெண்ணின் தகப்பனாரான அவன் அப்பாவுக்கு உட்கார நேரமில்லை. பந்தல் வாசலில் நின்று வருகிறவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். தலைக்குமேல் குழாய் ஸ்பீக்கர். அவன் ஆரம்பித்ததும், பேசிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் மேடைப்பக்கம் திரும்பினார்கள். கிடார் வாசித்துக்கொண்டிருந்த என் கை காதுக்குப் போனது. தானாகப் போனது என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொய். தெரிந்துதான் சொறிந்தேன். ஸ்பீக்கரில் பாங்கோஸ் கொட்டும் தாளமும் மட்டும் கேட்டன. திரும்பியவர்கள் பழையபடி பேச ஆரம்பித்தார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். அவன் அப்படி வாசித்து அதற்கு முன்பும் பின்பும் நான் கேட்டதில்லை.

மறுவாரம் வந்தான். கல்யாண வீட்டு மரியாதைக்கு மற்றவர்கள் எல்லோரும் பிரமாதம் என்றிருக்கிறார்கள்.

"அப்பா மட்டும் ஒண்ணுமே கேக்கலங்குறாருண்ணே. கொட்டுச் சத்தந்தான் வந்துச்சாம். காது மந்தமாயிருச்சு போல. இம்புட்டு நாளு கவனிக்காம விட்டுட்டேனே."

அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். பதிலுக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? காளவாசல் பக்கம் இருந்த ஒரு காது டாக்டரின் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். 'கைராசிக்காரர்' என்று வேறு சொன்னேன்.

அப்பாவை பஸ்ஸில் கூட்டிவந்து காட்டியிருக்கிறான். அதற்குப்பின் பத்து நாள் ஒத்திகைக்கு ஆள் வரவில்லை. மில் வாசலில் போய்ப் பிடித்தேன். இளைத்திருந்தான்.

"காதுல ஒரு குறையும் இல்லையாம்ணே. கேட்டுட்டே கேக்கலன்னு சொல்லிட்டாரு. என்னைய அனுப்ப மனசில்ல, அம்புட்டுத்தேன். டாக்டர் வீட்டு வாசல்லயே கேட்டுட்டேன், ஏம்ப்பா பொய் சொன்னீங்கன்னு. அவரு துண்ட உதறித் தோள்ல போட்டுக்கிட்டு பஸ்ஸுக்கு நடந்துட்டாரு. அன்னையிலிருந்து நான் அவருகூடப் பேசுறதில்ல."

நான் அவன் தோளில் கை வைத்து, "பெரியவங்க அப்படித்தேன் தம்பி" என்றேன்.