பானெட்டில் மூன்று கோடுகள்

கார் பெயிண்டைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவர்கள் ஏதாவது வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். எஸ்டேட்டில் மெக்கானிக்காக இருந்த காலத்திலிருந்தே எனக்கு அந்தப் பெயர் உண்டு. இப்போது எழுந்து போவதற்குக்கூட வீட்டில் ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

என் கார், எஸ்டேட்டின் பழைய மேனேஜர் ஊரைவிட்டுப் போகும்போது எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது. கருநீலம். கம்பெனியில் அடித்த பெயிண்ட், அதன்மேல் இன்னொரு கோட் ஏறியதே இல்லை. ஏற்காட்டில் அது லேசுப்பட்ட காரியமில்லை. இங்கே பாதி வருஷம் பனிமூட்டம், மீதி வருஷம் மழை. சில்வர் ஓக் மரத்திலிருந்து நாளெல்லாம் ஏதாவது சொட்டிக்கொண்டிருக்கும். காப்பிச் செடிக்கு அடிக்கும் மருந்து காற்றில் வந்து படியும். அத்தனையோடும் முப்பது வருஷம் மல்லுக்கட்டினேன். எல்லாவற்றையும் சமாளித்துவிடலாம், என் மனைவியைத்தான் சமாளிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து, பானெட்டின் நடுவில் மூன்று விரலால் ஒரு பட்டை இழுத்து, கீழே குங்குமம் வைத்துவிடுவாள். நான் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போவேன்.

“இது சாம்பல். பெயிண்டைத் தின்னுப்புடும். எத்தன தடவ சொல்றது?”

“ஏனுங்க, நெத்தி வெறுமையா இருந்தா நல்லாவா இருக்குது?”

“இது நெத்தி இல்ல, பானெட்டு.”

“உங்களுக்கு பானெட்டு. எனக்கு நெத்திதானுங்க.”

அவள் உள்ளே போவதற்குள் துடைத்துவிடுவேன். ஒரு வாரம்கூட விட்டதில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை எதுவுமே நடக்காததுபோல் மறுபடி கிண்ணத்தோடு வந்து நிற்பாள். கோபக்காரன் என்று ஊரெல்லாம் என்னைச் சொல்வார்கள், ஆனால் பிடிவாதத்தில் அவள் காலடி மண்ணுக்கு நான் வரமாட்டேன். குழந்தைகள் இல்லாத வீட்டில் எங்களுக்குச் சண்டை போட ஒரு விஷயம் வேண்டியிருந்தது என்றுகூட இப்போது தோன்றுகிறது.

அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு எனக்குக் கண்ணில் ஆபரேஷன் நடந்தது. இனிமேல் மலைப்பாதையில் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஓடாத கார் ஷெட்டுக்குள் ஈரத்தில் நின்றால் பூசணம் பிடிக்கும். கடைசியில் புனேயில் ஒருவர், பழைய கார்களைச் சேர்த்து வைத்திருப்பவர், வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார். பூர்வீகம் நம் சேலம்தான். போனில் ஒரே ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார்.

“பெயிண்ட் இப்பிடியே வந்து சேர்ந்தா இப்பிடியே வெச்சுக்குவேனுங்க. வழியில கெட்டுப்போச்சுன்னா தகரம் வரைக்கும் சுரண்டிட்டுப் புதுசா அடிச்சிருவேன். பாதி பழசு, பாதி புதுசுன்னு நான் வெச்சுக்கறதில்லைங்க.”

தகரம் வரைக்கும் என்ற வார்த்தை ஒரு வாரம் என் காதைவிட்டுப் போகவில்லை. அதனால் நானும் கூடவே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சேலத்திலிருந்து ஒரு டிரைவர் ஜீப்பும் அதன் பின்னால் மாட்டுகிற ட்ரெய்லரும் கொண்டுவந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர், பொறுமைசாலி. அவர் வருவதற்குள் நான் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். காரை இரண்டு முறை கழுவி, ஒரு பொட்டுத் தூசி இல்லாமல் துடைத்து, மெழுகு பூசியிருந்தேன். கல் தெறிக்கும் முன்பக்கத்தில் கண்ணாடி மாதிரியான பிலிமை ஒட்டியிருந்தேன். ஜீப்பின் பின்சக்கரங்களுக்குச் சேறு தடுக்க அகலமான ரப்பர் மட்டை கட்டவைத்தேன். பெல்ட்டுகளைச் சக்கரத்தில் மட்டும் போட வேண்டும், பாடியில் ஒன்றும் உரசக் கூடாது என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர், ஊருக்குள் ஒண்டிக்கடை முக்கில் வாங்கிய ஃபிளானல் துணியில் நானே அளவெடுத்துத் தைத்திருந்த உறையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“கவர் வேண்டாமுங்க. காத்துல அது ஆடிக்கிட்டே வரும். உள்ள ஒரு துளி தூசி இருந்தாலும் உப்புத்தாள் மாதிரி தேச்சுப்புடுமுங்க. தொறந்து போறதுதான் நல்லது.”

“தூசி இருந்தாத்தானே? இது சட்டை மாதிரி இறுக்கிப் பிடிக்கும். உள்ள ஒண்ணும் இருக்காது.”

அரை மணி நேரம் வாதாடி ஜெயித்தேன். இந்த மலையில் மூடாமல் எதுவும் கீழே இறங்காது. காப்பி மூட்டையானாலும் ஆரஞ்சுக் கூடையானாலும் படுதா போட்டுக் கட்டித்தான் அனுப்புவோம். எனக்கு அதுதான் தெரியும்.

கிளம்புகிற நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். கிளியூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவள். என் மனைவியை அக்கா என்றே கூப்பிடுவாள்.

“ஏனுங்கண்ணா, ஒரு கற்பூரங்கூட காட்டாம அனுப்பறீங்களா? அக்கா இருந்தா உட்டிருக்குமா?”

நான் உள்ளே போனேன். சாமி மாடத்தில் அவளுடைய கிண்ணம் இருந்தது. குங்குமச் சிமிழ் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. என் வீட்டில் எனக்குத் தெரியாத இடம் அது ஒன்றுதான் போலிருக்கிறது. திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து எடுத்துவந்து, பானெட்டில் அவள் வைக்கிற இடத்தில் மூன்று விரலால் இழுத்தேன். கோணலாக வந்தது. பழக்கதோஷத்தில் தோளில் கிடந்த ஈரத்துணியைக் கையில் எடுத்துவிட்டேன். ஆனால் கை எழவில்லை. இன்று ஒரு நாள் இருந்துவிட்டுப் போகட்டும், கீழே சேலத்தில் துடைத்துக்கொள்ளலாம் என்று நினைத்து, அதன்மேலேயே உறையைப் போட்டு இறுக்கிக் கட்டினேன். உள்ளே ஒரு துளி தூசி கிடையாது என்று சத்தியம் செய்த அதே வாய், அதே கை.

சேலத்தில் நான் துடைக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். கொண்டை ஊசி வளைவு இருபதையும் இறங்கும்வரை திரும்பித் திரும்பி ட்ரெய்லரையே பார்த்துக்கொண்டு வந்தேன். உறைக்கு அடியில் அந்தப் பட்டை இருக்கிறது என்ற நினைப்பு நன்றாக இருந்தது. யாரோ கூட வருவதுபோல் இருந்தது.

டிரைவர் டீக்கு நிறுத்தும் இடத்திலெல்லாம் வீட்டுக்குப் போன் செய்வார். “தொப்பூர் தாண்டியாச்சு கண்ணு.” “ஓசூர் வந்தாச்சு, சாப்ட்டியா சாமி?” நான் அப்போதெல்லாம் இறங்கிப் போய் கயிற்றைச் சோதித்துக்கொண்டிருப்பேன். கயிறு எங்கேயும் தளரவில்லை, இருந்தாலும் சோதித்தேன். ஒரே ஒரு முறை என் போனும் அடித்தது. ஆசையாக எடுத்தேன். காலர் ட்யூன் வேண்டுமா என்று ஒரு பதிவுக் குரல் கேட்டது. டிரைவர் பார்த்துக்கொண்டிருந்ததால், “சரிங்க, போயிட்டுச் சொல்றேன்” என்று சொல்லி வைத்தேன்.

இரண்டாம் நாள் ஹூப்ளி தாண்டி மழை பிடித்தது. ஃபிளானல் முழுக்க ஊறிவிட்டது. கழற்றிவிடலாம் என்று டிரைவர் கெஞ்சினார். ஈரத்துணியை இழுத்தால் பெயிண்ட் கீறும் என்று நான் மறுத்தேன். அடுத்த நாள் சுள்ளென்று வெயில். ஈரத் துணிக்குள் கார் வெந்துகொண்டே வந்தது. உறைக்கு அடியில் இருந்த பட்டை எனக்கு அப்போதே ஞாபகம் வந்தது. ஆனாலும் நிறுத்தச் சொல்லவில்லை.

புனேயில் காரை வாங்குகிறவருடைய ஷெட் வாசலில் உறையைக் கழற்றினோம். கார் முழுவதும் பளபளவென்று இருந்தது, முகம் பார்க்கலாம். பானெட்டின் நடுவில் மட்டும் மூன்று வெளிறிய கோடுகள். தண்ணீர் விட்டுத் துடைத்தேன். திருநீறு போனது, கோடு போகவில்லை. ஈரமும் சூடும் சேர்ந்ததில் சாம்பல் பெயிண்டுக்குள் இறங்கிவிட்டது. முப்பது வருஷம் அவளிடம் நான் கத்திக்கொண்டிருந்தது அத்தனையும் சரி. அதை நிரூபித்ததும் நான்தான்.

அவர் உள்ளேயிருந்து வருவதற்குள் குனிந்து, வெளிச்சத்தில் தலையைச் சாய்த்துச் சாய்த்து அந்தப் பானெட்டைப் பார்த்தேன். கோட்டின் ஆழத்தைப் பார்க்கவில்லை. அவள் வைத்த பட்டைகளில் ஏதாவது ஒன்றின் தடம், ஒரு விரல் நுனியாவது இருக்கிறதா என்று தேடினேன். எதுவும் இல்லை. அவ்வளவு ஒழுங்காகத் துடைத்திருக்கிறேன். ஆயிரத்துக்கு மேல் வெள்ளிக்கிழமைகள், ஒன்றைக்கூட நான் விட்டுவைக்கவில்லை.

அவர் வந்து கோட்டின்மேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார்.

“ஆழமா இறங்கியிருக்குதுங்களே. நாம பேசுனபடி சுரண்டித்தான் அடிக்கணும். இது என்னதுங்க?”

“துண்ணூறுங்க.”

“யார் வெச்சது?”

டிரைவர் என்னைப் பார்த்தார். நான் பட்டை இழுத்தபோது அவர் ஜீப் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

“என் சம்சாரமுங்க” என்றேன். “வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வெக்கும். இப்ப இல்லைங்க.”

டிரைவர் கயிற்றைச் சுருட்டப் போய்விட்டார். காரை வாங்கியவர் கையை எடுத்துக்கொண்டார். “அப்ப அது கெட்டுப்போனதில்லைங்க. இருக்கட்டும்” என்றார். சுரண்டவில்லை. பிறகு தன் மூன்று விரல்களை அந்தக் கோடுகளின்மேல் தொடாமல் பிடித்துப் பார்த்து, “அம்மாவுக்குப் பெரிய கையா இருந்திருக்குமாட்ட இருக்குது” என்றார்.

“ஆமாங்க” என்றேன்.

அவளுக்குச் சின்னக் கை. வளையல் கடையில் சிறு பிள்ளைகளுக்கான அளவைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அது தெரிந்த ஆள் இனி நான் ஒருவன்தான்.