நாளைக்கு இலை வாங்குவது யாருக்குத் தெரியலாம்?

சந்தேகப்படுவதற்கு மாதச் சம்பளம் வாங்குகிறவன் நான். வாசலில் ஆளை நிறுத்தி ‘நீ யார்’ என்று கேட்டே வயிறு வளர்க்கும் அத்தனை பேருக்கும் என் கஷ்டம் புரியும்.

தேயிலை விலை விழுந்து, பேக்டரிகள் வாரத்தில் பாதி நாள் இலை வாங்காமல் கதவை மூடிய காலம். எந்தப் பேக்டரி என்றைக்கு இலை வாங்கும் என்ற தகவல் குன்னூரில் எங்கள் அலுவலகக் கம்ப்யூட்டரில் இருந்தது. மற்றவர்களின் மென்பொருள் வந்து அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் ஜன்னலுக்கு ஏபிஐ என்று பெயர். ஜன்னலுக்கு முன்னால் இரண்டு குழுக்கள். பொதுக் குழுவில் யாரும் சேரலாம். இன்றைய நிலவரம் மட்டும் தெரியும். தனிக் குழுவில் பேக்டரிகள் மட்டும். அவர்களுக்கு நாளைய திட்டமும் தெரியும். யாருக்கு எந்தக் குழு என்று முடிவு செய்வது என் வேலை.

பட்டியல் கேட்டவர்

தனிக் குழுவில் சேர வந்த முதல் முதலாளி, நாங்கள் கொடுத்த டீயைக் குடிக்கவில்லை. எந்தப் பேக்டரி டீ என்று மோந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். தன் திட்டம் தெரிந்தால் பக்கத்துப் பேக்டரிக்காரர் தன்னிடம் வரும் இலையை வளைத்துப் போட்டுவிடுவார் என்று பயம். கையெழுத்துப் போடுமுன் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: “குழுவுல இருக்கிறவங்க பேரையெல்லாம் எனக்குக் காட்டுங்க. என்ற பேரை மட்டும் அவங்களுக்குக் காட்டாதீங்க.”

இரண்டு முறை வந்த போஜன்

அரவேணுப் பக்கம் ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருந்த போஜன், தனிக் குழுவுக்கு விண்ணப்பித்தார். இலையைப் பறித்த பிறகு பேக்டரி மூடியிருப்பது தெரிந்து என்ன பயன், முந்தின நாளே தெரிய வேண்டும் என்றார். நியாயமாகத்தான் பட்டது. நியாயமாகப் பேசுகிறவர்களைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். விவசாயிகளிடம் இலையை மலிவாக வாங்கிப் பேக்டரிக்குக் கைமாற்றும் ஏஜென்ட் யாரோ அனுப்பிய ஆள் என்று முடிவு கட்டி மறுத்துவிட்டேன்.

மறு வாரம் நிலப் பட்டாவோடு வந்தார். பட்டா இருப்பவர் ஏஜென்டாக இருக்கக் கூடாதா என்ன? மறுபடியும் மறுத்தேன். அவர் பட்டாவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே சொன்னார்: “இன்னும் எதைக் கொண்டாந்து காட்டோணும்னு ஒரு காயிதத்துல எழுதிக் குடுத்துருங்க சார்.”

கரும்பலகை

கீழ் கோத்தகிரிப் பேக்டரி ஒன்றுக்கு மட்டும் கொடுத்திருந்த ரகசியச் சாவி, அதாவது நீளமான ஓர் எழுத்து வரிசை, திடீரென்று ஏகப்பட்ட கைப்பேசிகளிலிருந்து வந்தது. எவனோ விற்றுவிட்டான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கிளார்க் செல்வராஜ் என்னை இலை எடை போடும் இடத்துக்குக் கூட்டிப்போனார். அன்றைய இலை விலை எழுதும் கரும்பலகை அங்கே இருந்தது. லீவு, ஷிப்ட், மழை என எதுவானாலும் அதில் எழுதிப் போடுவது அந்தப் பேக்டரி வழக்கம். விலைக்குக் கீழே எங்கள் ரகசியச் சாவி, ஓர் எழுத்துகூடப் பிசகாமல், வெள்ளைப் பெயிண்டில். இலை கொண்டுவரும் அத்தனை பேரும் வரிசையில் நிற்பது அதற்கு எதிரில்தான். செல்வராஜுக்குத் துளியும் கூச்சமில்லை: “சாக்பீஸ்ல எழுதினா அழிஞ்சிருது சார், ஷிப்டுக்கு வாற ஆளெல்லாம் என்னையத்தானே கேக்குறாங்க.”

மறுநாள்

அன்று மாலையே சாவியை மாற்றினேன். பெருமையாகக்கூட இருந்தது. மறுநாள் மதியம் போஜன் ஒரு சாக்கு இலையோடு வந்து, கையை உள்ளே விட்டுப் பார்க்கச் சொன்னார். சாக்குக்குள் சூடு, இலை சிவந்து கெட்டுப்போயிருந்தது.

பலகையில் இருந்த சாவியை அவர் கைப்பேசியில் போட்டுக் கொடுத்தது கோவையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மச்சானாம். ஊரில் மற்றவர்களும் போட்டுக்கொண்டார்கள். பேக்டரி வாங்கும் நாளாகப் பார்த்துப் பறித்தார்கள். இன்று கைப்பேசியில் எதுவும் வரவில்லை. பறித்துக் கொண்டுபோனால் கேட் பூட்டியிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் திட்டியிருந்தால் தேவலை. “திருடிப் பாத்த வரைக்கும் ஒரு இலை வீணாகலைங்க சார். இன்னிக்கு நேர்மையா இருந்தோம், ஊர் இலை பூரா குப்பையில கெடக்குது.”

போஜனின் சாக்கைப் பற்றிச் சொல்லி, நாளைய திட்டத்தைப் பொதுக் குழுவிலேயே போடலாம் என்று எல்லாப் பேக்டரிகளுக்கும் எழுதியிருக்கிறேன். போஜன் எனக்கு என்ன உறவு என்று இரண்டு பேக்டரிகள் விசாரிக்கத் தொடங்கிவிட்டன.