இரண்டு முறை ஆடிய முள்

போன வாரம் பிரஷர் பார்க்கப் போயிருந்தேன். எங்கள் தெருமுனையில் உள்ள சின்ன கிளினிக். அங்கே இன்னும் முள் வைத்த பழைய மீட்டர்தான். நர்ஸம்மா என் கையில் பட்டையைச் சுற்றி, ரப்பர் பல்பை அமுக்கி, காற்றை மெதுவாக விட்டாள். இறங்கி வந்த முள் ஓரிடத்தில் துடுக் துடுக் என்று ஆடியது. "உள்ள வரும்போது நல்லாத்தான இருந்தீய? இம்புட்டு ஏறிக் கெடக்கு. ஊறுகாய விடுங்க சார்" என்றாள். ஊறுகாய் பாவம், அது என்ன செய்தது? ஆடுகிற முள்ளைக் கண்டால் எனக்கு ஆகாது. அதை அவளிடம் சொன்னால் வேறு டாக்டரிடம் அனுப்பிவிடுவாள். உங்களிடம் சொல்லலாம்.

நான் கூட்ஸ் வண்டி கார்டாக இருந்தவன். தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து உப்பும் உரமும் நிலக்கரியும் ஏற்றி வரும் வண்டிகளின் வாலில், கார்டு வேன் என்ற இரும்புப் பெட்டிக்குள் என் இளமை கழிந்தது. உட்கார ஒரு பெஞ்சு, கைபிரேக், சிவப்பு பச்சைக் கொடிகள், சுவரில் ஒரு வட்ட மீட்டர், அதன் கீழ் ஒரு பித்தளை வால்வு. மே மாதத்தில் அந்தப் பெட்டியில் உட்கார்ந்தவனுக்கு நரகத்தைப் பற்றிப் பாதிரியார் தனியாக விளக்க வேண்டியதில்லை. கந்தகம் ஏற்றிய நாளில் சோற்றிலும் அந்த வாடை இருக்கும். மதியம் திறக்கும் டிபன் பாக்ஸில் என் மனைவி வைத்த மீன்குழம்பு கந்தகக் குழம்பாகத்தான் தொண்டைக்குள் இறங்கும். இன்றைக்கும் தீப்பெட்டி உரசினால் எனக்குப் பசிக்கிறது.

அப்போது ஓடியதெல்லாம் வேக்குவம் பிரேக் வண்டிகள். அவற்றின் கடைசி வருஷங்கள். விஷயம் எளிதுதான். எல்லா வேகனுக்கும் அடியில் ஒரு குழாய் போகும். வேகனுக்கும் வேகனுக்கும் இடையே ரப்பர் ஹோஸ் அதை இணைக்கும். எஞ்சின் அந்தக் குழாயிலுள்ள காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால் பிரேக் விலகும், வண்டி ஓடும். எங்காவது காற்று உள்ளே புகுந்தால் பிரேக் பிடிக்கும். காற்று நன்றாக வெளியேறியிருந்தால் என் வேனில் உள்ள முள் நாற்பத்தாறில் நிற்கும். நடுவில் ஒரு ஹோஸ் விலகினாலும் முள் விழும். வண்டி முழுவதும் என்ன நடக்கிறது என்பதை அந்த முள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

வேக்குவம் என்று எங்கள் ஆட்கள் யாரும் சொல்லமாட்டார்கள். 'மூச்சு' என்பார்கள். "மூச்சு வந்துட்டா?" "நாப்பதுக்கு மேல மூச்சு ஏறமாட்டேங்கு." நாசரேத்தில் அறிவியல் வாத்தியாராக இருந்த என் அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "காத்தே இல்லாததுக்குப் பேரு வேக்குவம்ல. அதப் போயி மூச்சுங்கானுவளா?" என்றார். அவரிடம்தான் நான் பேய் இல்லை, சகுனம் இல்லை, எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு என்று படித்தேன். நல்ல பாடம். அதனால் எனக்கு வந்த கேட்டையும் சொல்கிறேன்.

மூச்சு என்ற சொல்லை எனக்கு விளங்கவைத்தவர் மிக்கேல் அண்ணாச்சி. வேகன்களைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர். பழைய வேகன்கள் வழியில் மக்கர் செய்யும் என்று என் வேனில் அவரையும் ஏற்றி அனுப்புவார்கள். கடற்கரைக்காரர். ரயில்வேக்கு வருவதற்கு முன் சங்கு குளித்தவர். "கடலுக்கடில மூச்ச உள்ள இழுக்காத வரைக்கும்தான் தம்பி மனுசனுக்கு ஓட்டம். வாயத் தொறந்து ஒரு மடக்கு உள்ள போச்சு, நின்னுருவான். இந்த வண்டியும் அப்பிடித்தான்" என்றார்.

துறைமுகத்தை விட்டு வந்தால் உப்பளங்களுக்கு நடுவே பாதை ஒரு வளைவு எடுக்கும். பக்கத்தில் வண்டி ஒதுங்கி நிற்க ஒரு லூப் லைன், கொஞ்சம் தள்ளி ஒரு ரயில்வே கேட். இருட்டில்தான் பயம் வரும் என்பவர்கள் உச்சிவெயிலில் உப்பளத்துக்கு நடுவே நின்றதில்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் வெள்ளை. காலடியில் நிழல் இருக்காது. வண்டிச் சத்தம்கூடச் சிறுத்துப்போகும். காலில் துணி சுற்றிய பெண்கள் உப்பு வாரிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் பேசுவது தெரியும், குரல் வராது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், அந்த வளைவில் முள் ஆடியது. நாற்பத்தாறிலிருந்து சட்டென்று நாற்பது, மறுபடி நாற்பத்தாறு. மறுபடி நாற்பது, நாற்பத்தாறு. பிறகு அசையாமல் நின்றது. பெஞ்சில் சாய்ந்திருந்த மிக்கேல் அண்ணாச்சி எழுந்துவிட்டார்.

"தம்பி, நிறுத்துங்க."

"எதுக்கு? மூச்சு சரியாத்தான நிக்கி?"

"நிறுத்துங்கங்கேன்!"

அந்தக் குரலுக்கு நான் வால்வைத் திறந்தேன். காற்று அலறிக்கொண்டு உள்ளே போனது, வண்டி நின்றது. அவர் குதித்து இறங்கி, ஒவ்வொரு வேகன் இடுக்கிலும் குனிந்து பார்த்துக்கொண்டே எஞ்சின் வரை போனார். ஒவ்வொரு இடுக்கிலும் ஏதோ சொன்னார். உப்பு வாரும் பெண்கள் வேலையை நிறுத்திப் பார்த்தார்கள். பிறகு, யாரும் சொல்லாமலே, எல்லாரும் ஒன்றாக வண்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார்கள். திரும்பி வந்தவர் முகம் நனைந்திருந்தது. "யாருமில்ல. விடுங்க" என்றார். ஸ்டேஷனுக்குப் போனதும் கண்ட்ரோலில் இருந்து போனில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். தாமதத்துக்குக் காரணம் 'ஹோஸ் பைப் லீக்' என்று எழுதினேன்.

அடுத்த வாரம் வேறு வண்டி, வேறு வேகன்கள். அதே வளைவு. முள் இரண்டு முறை ஆடியது. அதற்கடுத்த வண்டியிலும் அப்படியே. ஒவ்வொரு முறையும் நிறுத்தி, அதே காரணத்தை எழுதினேன். எல்லா வண்டிக்கும் ஒரே இடத்தில் ஹோஸ் லீக் ஆகுமா என்று கண்ட்ரோலில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நான் அதையே அண்ணாச்சியிடம் கேட்டேன். அன்று எதிரே வரும் வண்டிக்கு வழிவிட லூப்பில் நின்றோம். மத்தியானம். அவர் மீட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

சங்கு குளிக்கப் போகும்போது, கீழே போகிறவனின் கயிற்றைப் படகில் பிடித்திருப்பது அவன் மச்சானாம். பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோ. அதுதான் வழக்கம். தன் தங்கை தாலியறுக்க எவனும் கயிற்றை விடமாட்டான் அல்லவா? மிக்கேல் அண்ணாச்சிக்குக் கயிறு பிடித்தவர் ராயப்பன். கீழேயிருந்து கயிற்றை இரண்டு முறை அசைத்தால் 'தூக்கு' என்று அர்த்தம். பல வருஷம் இவர் அசைத்தார், அவர் தூக்கினார்.

பிறகு இருவருக்கும் சேர்ந்தே ரயில்வேயில் வேலை கிடைத்தது. இருவரும் ஃபிட்டர்கள். தங்களுக்குள் ஓர் ஏற்பாடு வைத்துக்கொண்டார்கள். வண்டி நிற்கும்போது ஒருவர் வேகன் இடுக்கில் குனிந்து வேலை பார்ப்பார், இன்னொருவர் கார்டு வேனில் முள்ளைப் பார்த்திருப்பார். இடுக்கில் இருப்பவர் ஹோஸை லேசாக விலக்கி இரண்டு முறை காற்றை உள்ளே விட்டால் வேனில் முள் இரண்டு முறை ஆடும். 'நான் உள்ளே இருக்கிறேன், வண்டியை விடாதே' என்று அர்த்தம்.

"அன்னிக்கு இதே லூப்புல நிக்கோம். மச்சான் உள்ள போயிருக்கான். கார்டு, கேட்டுல தண்ணி புடிச்சிட்டு வாரேன்னு கொடிய எங்கையில குடுத்துட்டுப் போயிட்டாரு. முள்ளு ரெண்டு மட்டம் ஆடிச்சி தம்பி. நல்லாப் பாத்தேன்."

"அப்புறம்?"

"ரெண்டு மட்டம் ஆடுனா தூக்கணும்லா? எங்கை தானா பச்சையத் தூக்கிட்டு."

மச்சான் செத்ததைப் பற்றி அவ்வளவுதான் சொன்னார். கடல் கற்றுக்கொடுத்த கை, ரயில்வேயில் வந்து ஏமாற்றிவிட்டது. பச்சையைப் பார்த்த டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். விசாரணையில் பச்சை காட்டியது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. கொடியைக் கொடுத்துவிட்டுப் போன கார்டு வாய் திறக்கவில்லை, இவரும் திறக்கவில்லை. அண்ணனைப் பறிகொடுத்த பெண்ணுக்கு இவர்தான் இன்னும் புருஷன். அவளிடமும் சொல்லவில்லை.

"அன்னையிலேருந்து இந்த எடத்துல கூப்பிடுதான். அன்னிக்குத்தான் நிறுத்தல. இனி ஒரு மட்டமாவது நிறுத்தாமப் போனேன்னா நான் மனுசனே இல்ல" என்றார்.

எனக்கு அவர்மேல் அப்படி ஓர் இரக்கம் வந்தது. கூடவே வாத்தியார் மகனின் புத்தியும் வந்தது. நான் அந்த வளைவில் இறங்கி நடந்து பார்த்தேன். ஓரிடத்தில் தண்டவாள இணைப்பு அமிழ்ந்திருந்தது. வேகன்கள் அதில் விழுந்து எழும்போது ஹோஸ் இணைப்பு ஒரு கணம் வாய் பிளக்கிறது. முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரத்துக்கு ஒன்று. இரண்டு! அப்படியானால் நாற்பது வேகனுக்கும் ஆட வேண்டுமே என்று நீங்கள் கேட்பீர்கள். நான் கேட்கவில்லை. பாதை மேஸ்திரியைப் பிடித்து, டீ வாங்கிக் கொடுத்து, ஜல்லி இறுக்க வைத்தேன். அன்றிரவு என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது.

அடுத்த வண்டியில் வளைவு வந்தது. அண்ணாச்சி வாசல் கம்பியைப் பிடித்து நின்றார். முள் நாற்பத்தாறில் ஆணியடித்ததுபோல் நின்றது. வளைவு முடிந்தது, கேட் போனது. "பாத்தீயளா? ரயில் ரோடுதான் அண்ணாச்சி. வேற ஒண்ணுமில்ல" என்றேன். அவர் மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"இன்னிக்குக் கூப்பிடல" என்றார். முள்ளை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு, "நல்லதுதான தம்பி?" என்று என்னிடமே கேட்டார்.

நல்லதுதான் என்று சொன்னேன். அதற்குப் பிறகு அந்த வேனில் அவர் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. முள்ளைப் பார்த்தபடி இருப்பார். வளைவு தாண்டியதும் தலை தொங்கிவிடும். சில மாதங்களில் வேறு வேலைக்கு எழுதிக் கொடுத்துப் போய்விட்டார். நான் ஒரு மனிதனின் பயத்தைத்தான் எடுத்தேன் என்று நினைத்திருந்தேன். அவருக்கு மிச்சமிருந்த ஒரே ஒரு பரிகாரத்தையும் சேர்த்து எடுத்திருக்கிறேன். இது எனக்கு உறைக்க நாளாயிற்று.

கடைசியில் அவர் நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் கிடந்து, மூச்சுக்குத் திணறி இறந்தார். வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி சிசிலியம்மாள் எனக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லிவிட்டு அழுதுகொண்டே பேசினார்.

"கடைசி நேரத்துல எங்கையப் புடிச்சி ரெண்டு ரெண்டு மட்டமா இழுத்தாவ சார். என்ன வேணும்னு கேட்டா சொல்லல. எங்க அண்ணன் இருந்தா தெரிஞ்சிருக்கும். கயித்த ரெண்டு மட்டம் அசைச்சாப் போதும், எங்க அண்ணன் எந்நேரம்னாலும் தூக்கிருவாவ. ஒருநாளும் தப்புனதில்ல."

அந்த அம்மாளின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. காப்பி வந்தது, குடிக்காமல் எழுந்துவிட்டேன்.

ஒரு மாதம் இருக்கும். வேக்குவம் வேகன்களை எல்லாம் உடைக்க அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. துறைமுகத்தில் கிடந்த கடைசி வண்டிக்கு நான்தான் கார்டு. எல்லாம் காலி வேகன்கள், ஒவ்வொன்றிலும் சாக்கட்டியால் பெருக்கல் குறி போட்டிருந்தது. வேனில் என்னோடு யாருமில்லை. வெயில் அதே மத்தியான வெயில். அன்று உப்பளத்தில் பெண்கள்கூட இல்லை.

வளைவு வந்தது. பாதை இறுக்கமாகத்தான் இருந்தது, வேனில் தண்ணீர்ச் செம்புகூடத் தளும்பவில்லை. முள் நாற்பதுக்கு விழுந்து ஏறியது. மறுபடி விழுந்து ஏறியது. நின்றது. நான் மூச்சு விடவில்லை. பிறகு, முதலில் ஆடியதைவிட மெதுவாக, இன்னும் இரண்டு முறை ஆடியது.

இடுக்கில் ஆள் இரண்டு.

வால்வின் பிடியில் என் கை இருந்தது. சூடான பித்தளை. திறந்தால் போதும். இறங்கி, குனிந்து பார்த்து, யாருமில்லை என்று சொல்லிவிட்டு ஏறலாம். அதற்கு மேல் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் குனிந்து பார்க்கும் இடுக்கில் யாராவது இருந்துவிட்டால்? அந்தப் பயம் ஒன்று. ரயில் ரோடுதான் காரணம் என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்த வீம்பு இன்னொன்று. வண்டி வளைவைத் தாண்டியது, கேட்டைத் தாண்டியது. ஸ்டேஷனில் என் புத்தகத்தில் 'குறிப்பிட ஒன்றுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் சர்வீஸில் நான் எழுதிய ஒரே பெரிய பொய் அதுதான்.

இப்போது ஓடுவதெல்லாம் ஏர் பிரேக் வண்டிகள். காற்றை உறிஞ்சுவதில்லை, அடைத்து அனுப்புகிறார்கள். அந்த அழுத்தத்தில் ஹோஸை எவனும் கையால் விலக்கி மூடமுடியாது. சில வண்டிகளில் கார்டு வேனே கிடையாது. கடைசி வேகனின் முதுகில் ஒரு விளக்கு மட்டும் தானாகக் கண்சிமிட்டிக்கொண்டு போகிறது. நல்ல ஏற்பாடு, விபத்தும் தாமதமும் குறைவு, குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அந்த வளைவில் இடுக்கிலிருந்து யாராவது கூப்பிட்டால் ஆடுவதற்கு ஒரு முள் இனி இல்லை. அதைப் பார்க்க ஓர் ஆளும் இல்லை. கூப்பிட்டால் கேட்கிற மாதிரி ஓர் ஆள் உட்கார்ந்திருந்த கடைசி நாளில், அந்த ஆள் நானாக இருந்தேன். எனக்குக் கேட்டது. நான் வண்டியை விட்டுவிட்டேன்.