முகத்துவாரத்துக்காகப் பேசப் போனவள்

நான் பார்க்கிற வேலைக்கு எங்கள் ஊரில் இன்னும் பெயர் கிடைக்கவில்லை. மக்கள் தொடர்பு என்று சொன்னால், "ஜனங்களோட தொடர்பு இல்லாதவன் யாரு?" என்று கேட்பார்கள். யாராவது விசாரித்தால் என் நைனா, "பேப்பர்காரங்களுக்குப் போன் போடுற வேலை, மாசச் சம்பளம்" என்று சொல்லி முடித்துக்கொள்வார். பொன்னேரியில் மீனவர்களுக்காக இயங்கும் சின்னத் தொண்டு நிறுவனம் அது. மாடியில் இரண்டு அறை, ஓடினாலும் காற்று வராத ஒரு மின்விசிறி. ஊருக்கு ஒரு குறை என்றால் அதை அதிகாரிக்கும் பத்திரிகைக்கும் புரிகிற மாதிரி எழுதுவதும், பேச வேண்டியவர்களைத் தைரியப்படுத்திப் பேச வைப்பதும் என் பொறுப்பு.

என்னைப் போன்றவர்களுக்குச் சென்னையில் ஒரு சங்கம் இருக்கிறது. மருத்துவமனை, ஹோட்டல், கம்பெனி, கல்லூரி என்று பல இடங்களில் இந்த வேலை செய்கிறவர்கள் மாதம் ஒருமுறை கூடுவார்கள். பயிற்சி வகுப்பு நடக்கும். ஒரு பக்கத்துக்குள் செய்தி எழுத அங்கேதான் கற்றுக்கொண்டேன். நிருபரிடம் கோபப்படாமல் பேசவும் அங்கேதான் சொல்லிக்கொடுத்தார்கள். அது மட்டும் எனக்கு முழுசாக வரவில்லை. கடைசி வரிசையில் உட்காருவேன். டீ இடைவேளையில் எந்தக் கம்பெனி என்று கேட்பார்கள். சொன்னதும், "ஓ, சேவை பண்றீங்க" என்று முகத்தை மென்மையாக்கிக்கொள்வார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்கள் செய்கிற தொழிலைத்தான் நானும் செய்கிறேன். சம்பளம் குறைவு, அவ்வளவுதான்.

அதனால், வட்டார அளவில் சிறந்த பணிக்கு விருது தரப் போகிறோம் என்று சங்கத்தில் அறிவித்ததும் முதல் ஆளாக விண்ணப்பித்தேன். எனக்கு அந்த விருது வேண்டும். தன்னடக்கமாக எல்லாம் பேசத் தெரியாது.

முகத்துவாரத்துக்காகச் செய்த வேலையைத்தான் அனுப்பியிருந்தேன். எங்கள் ஏரி கடலோடு சேருகிற வாய் அது. மணல் சேர்ந்து அது தூர்ந்துவிட்டால் படகு கடலுக்குப் போவது உயிரைப் பணயம் வைக்கிற காரியம். ஏரிக்குள் இறாலும் ஏறி வராது. மனு கொடுத்தோம், மறியல் செய்தோம், ஊர்ப் பெண்களையே காமிரா முன் நிற்க வைத்துப் பேசச் சொன்னேன். இழுத்தடித்துக் கடைசியில் இயந்திரம் வந்து மணலை வெட்டியது. மறுபடியும் மூடும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வெட்டினார்கள்.

இறுதிச் சுற்றுக்கு என் பெயர் வந்தது. நடுவர்கள் முன்னால் நானும் பேச வேண்டும், ஊரிலிருந்து ஒருவரும் மேடையேறிப் பேச வேண்டும். என் மனதில் இருந்தவள், ஐஸ் பெட்டியோடு சந்தைக்குப் போய் மீன் விற்கிற ஒருத்தி. அவள் பேச ஆரம்பித்தால் கலெக்டரே போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்பார். தொலைக்காட்சியிலும் அவள்தான் அதிகம் வந்திருந்தாள்.

ஊர்க் கூட்டத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஏரியில் நல்ல வலையிடத்தை யாரும் எனக்கே சொந்தம் என்று பிடித்துவைத்துக்கொள்ள முடியாது. சீட்டுக் குலுக்கிப் போட்டு, முறை வந்தவர் போய் வலை கட்ட வேண்டும். அதற்குப் பாடு என்று பெயர். "ஊருக்காகப் பேசப் போறதும் பாடு மாதிரிதாம்மா. தபா தபா ஒருத்தியே போனா நல்லா இருக்காது" என்றார் தலைவர். ஒரே முகம்தான் ஜனங்கள் மனதில் நிற்கும் என்று வகுப்பில் கற்றதை எடுத்துச் சொன்னேன். "அப்ப மத்தவங்க மொகத்த இன்னா பண்றது?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பெண்களின் பெயர்களை எழுதிச் சொம்பில் போட்டுக் குலுக்கினார்கள்.

சீட்டு வேறொருத்திக்கு விழுந்தது. பெயரை வாசித்ததும் சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது.

அவள் புருஷன் போன படகு, முகத்துவாரம் தூர்ந்து கிடந்த சமயத்தில் அங்கேயே அலையில் கவிழ்ந்தது. கூட இருந்தவர்கள் நீந்திக் கரையேறினார்கள். அவன் வரவில்லை. எத்தனையோ படகுகள் தேடின, உடல் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காததால் காரியம் செய்யவில்லை. அவள் தாலியோடும் பொட்டோடும் இருந்தாள். அவள் மாமியார், துக்கம் விசாரிக்க வந்தவர்களை, "இன்னா துக்கம்?" என்று கேட்டு வாசலோடு அனுப்பினார். அப்போதிலிருந்து ஊரில் ஒருவர்கூட அவன் செத்துவிட்டான் என்று அந்த வீட்டார் காதுபடச் சொன்னதில்லை. பேச்சு வந்தால், "அவன் இன்னும் வரல" என்பார்கள். அவளும் அப்படித்தான் சொல்வாள். அவளுக்குத் தெரியாமல் இல்லை. அவள் வாயால் சொல்லிவிட்டால் மறுநாளே எல்லாவற்றையும் செய்தாக வேண்டும். அவளாகச் சொல்லட்டும் என்று ஊர் விட்டுவிட்டது.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். வலையிலிருந்து நண்டைக் கால் ஒடியாமல் எடுத்துக்கொண்டிருந்தாள். பாடு முறையை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வது ஊரில் சகஜம்தான். இதையும் மாற்றிக்கொள்ளேன் என்றேன்.

"ஏங்க்கா, நா பேச மாட்டேனா?"

"பேசுவ. அங்க எவனாவது எதுனா கேட்டு வெச்சிடுவான்னு பாக்குறேன்."

"மொகத்துவாரத்தப் பத்தித்தான கேப்பாங்க?"

"ஆமா."

"கேக்கட்டும். அதுக்குத்தான போறேன்."

உள்ளேயிருந்து மாமியார், "போயிட்டு வரட்டும் வுடு. வூட்டுக்குள்ளயே கெடக்குறா" என்றார்.

வீட்டைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். சும்மா சொல்லவில்லை. நிகழ்ச்சியை நடத்துகிறவருக்குப் போன் போட்டு, குடும்பத்தைப் பற்றி எதையும் கேட்கக் கூடாது என்று காரணத்தோடு சொன்னேன். "நோட் பண்ணிட்டேன் மேடம்" என்றார். மறுபடியும் போன் போட்டுச் சொன்னேன். மறுபடியும் நோட் பண்ணிக்கொண்டார்.

தினமும் சாயங்காலம் போய்ப் பேசப் பழக்கினேன். வாய் தூர்ந்தபோது எப்படி இருந்தது, நாம் என்ன செய்தோம், இப்போது எப்படி இருக்கிறது. அவள் நன்றாகவே பேசினாள். ஐஸ் பெட்டிக்காரியைப் போலச் சத்தம் இல்லை. ஆனால் அவள் நிறுத்தினால் அடுத்தது என்ன என்று கேட்கத் தோன்றும். இவளை இத்தனை நாள் காமிரா முன் நிறுத்தாமல் விட்டோமே என்று எனக்கே உறைத்தது.

அன்றைக்குக் காலையில் பொன்னேரியில் ரயிலேறினோம். நல்ல சேலை கட்டியிருந்தாள். ஹோட்டல் ஹாலின் குளிர் தாங்காமல் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நடுவர்களில் ஒருவர் வரவில்லை, அவருக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் வேறொருவர் வந்திருக்கிறார் என்றார்கள். வந்தவரை எனக்குத் தெரியும். ஓய்வு பெற்ற பெரிய அலுவலர். சங்கத்தில் என் வேலையைச் சேவை என்று சொல்லாத ஒரே ஆள் அவர்தான். அவரைப் பார்த்ததும் எனக்குத் தெம்பு வந்தது.

நான் பேசி முடித்தேன். அவள் மேடையேறினாள். பழகியதைவிட நன்றாகப் பேசினாள். முன் வரிசையில் போன் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் நிமிர்ந்தார்கள். முடித்ததும் அந்தப் பெரியவர் மைக்கை வாங்கினார். அவள் நெற்றியையும் கழுத்தையும் பார்த்த எவரும் கேட்கக்கூடிய கேள்விதான். அன்பாகத்தான் கேட்டார்.

"ரொம்ப நல்லா சொன்னீங்கம்மா. இப்ப உங்க வீட்டுக்காரர் பயமில்லாம கடலுக்குப் போய்ட்டு வர்றாரா?"

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். நிகழ்ச்சி நடத்துகிறவரைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிமிடம் அவரை அறைந்திருப்பேன். அவள் என்னைப் பார்த்தாள். 'இன்னும் வரல' என்று சொல்லிவிடுவாள், சொல்லிவிட்டு இறங்கிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அவரு இல்லீங்க. மொகத்துவாரம் தூந்து கெடந்தப்ப அங்கயே செத்துட்டாரு. மணலு அதுக்கப்பாலதான் எடுத்தாங்க."

ஹாலில் கை தட்டினார்கள். ஒருவர் தொடங்கி எல்லோரும் தட்டினார்கள், நெடுநேரம் தட்டினார்கள். பேச்சை இப்படி முடிக்கத்தான் நான் அவளைப் பழக்கியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். அந்தப் பெரியவர் மட்டும் தட்டவில்லை. தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவள் எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டு இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையைப் பிடித்தேன்.

விருது எனக்குத்தான் கிடைத்தது. ஊர்க் குரலை மேடைக்குத் தயார் செய்த விதத்துக்காக என்று வாசித்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள், கேடயம் கொடுத்தார்கள். கடைசி வரிசைக்காரியைத் தேடி வந்து கை குலுக்கினார்கள். இவ்வளவு காலம் எதற்கு ஏங்கினேனோ அது அத்தனையும் ஒரே மதியத்தில் கிடைத்தது. வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அதற்கும் கை தட்டியிருப்பார்கள்.

திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். மீஞ்சூர் போய், அனுப்பம்பட்டும் தாண்டிய பிறகு அவளே கேட்டாள்.

"நல்லா சொன்னேனாக்கா?"

"நல்லா சொன்ன."

"யாருன்னே தெரியாதவங்கன்றதால வாயில வந்துடுச்சு. ஊர்ல வந்திருக்காது." கொஞ்சம் பொறுத்து, "அத்தயாண்ட நீ சொல்லிடுக்கா. இன்னொரு வாட்டி என்னால ஆவாது" என்றாள்.

அடுத்தவர்களுக்காகச் சேதி சொல்வதுதான் என் பிழைப்பு. சரி என்றேன். பொன்னேரியில் இறங்கி ஏறிய பஸ் திருப்பாலைவனத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு நின்றபோது, இறங்கி எங்காவது ஓடிவிடலாமா என்று இருந்தது.

ஊர் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. மாமியார் வாசலில் காயப்போட்ட கருவாட்டை அள்ளிக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பார்க்காமல் பக்கவாட்டில் புகுந்து வீட்டுக்குப் பின்னால் போய்விட்டாள். நான் அவர் எதிரில் மணலில் உட்கார்ந்தேன். கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்று ஒரு வகுப்பு முழுக்கப் பாடம் கேட்டிருக்கிறேன். ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

"அத்தே, அவ சொல்லிட்டா."

எதை என்று அவர் கேட்கவில்லை. கருவாட்டை அள்ளிய கை அப்படியே நின்றது. "யாராண்ட சொன்னா?" என்றார்.

"தெரியாத ஜனங்களாண்ட. பெரிய ஹாலு. கேட்டாங்க, சொல்லிட்டா."

"அழுதாளா?"

"இல்ல."

"அத்தக் கேட்டுட்டு அவங்கள்ளாம் இன்னா பண்ணாங்க?"

கை தட்டினார்கள் என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன்? இந்தத் தொழிலில் நான் எவ்வளவோ பூசி மெழுகியிருக்கிறேன். ஆனால் முழுப் பொய் எழுதியதில்லை.

"எல்லாரும் எழுந்து நின்னாங்க அத்தே. யாரும் வாயத் தொறக்கல. தலைய குனிஞ்சுக்கினு கொஞ்ச நேரம் அப்படியே நின்னாங்க."

"அவ்ளோ பெரிய மனுசங்களா?"

"ஆமா."

"எம் புள்ளைக்கா நின்னாங்க?"

"உம் புள்ளைக்குத்தான்."

அவர் கருவாட்டுக் கூடையைத் தள்ளி வைத்தார். முந்தானையை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டார். மகன் போன நாளிலிருந்து அழாதவர், அப்போது அழ ஆரம்பித்தார். அந்தச் சத்தம் கேட்டு அவள் வீட்டுக்குப் பின்னாலிருந்து ஓடி வந்தாள்.