புதுவயல் கல்யாணப் பந்தியில் தொலைந்த பத்தொன்பதாவது செட்

போன மாதம் இரண்டாம் சனிக்கிழமை, என்னோடு வேலை பார்க்கும் பாத்திமாவின் தம்பி கல்யாணத்துக்காகக் காரைக்குடிப் பக்கம் போனேன். பெரிய வீடுகளின் படங்களை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும். இது பல்லில் அலைனர் மாட்டிக்கொண்டு விருந்துக்குப் போகிறவர்களுக்கான பதிவு.

திருச்சியில் காலை 7.10க்குப் பேருந்து, 9.40க்குக் காரைக்குடி, டிக்கெட் 90 ரூபாய். அங்கிருந்து புதுவயல் சுமார் பத்து கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 250. அரிசி ஆலைக்குப் போகும் நெல் லாரியின் பின்னால் இருபது நிமிடம் ஊர்ந்தோம். "அவசரமாப் போறீகளாம்மா?" என்று ஓட்டுநர் கேட்டார். "இல்லண்ணே, மெதுவாவே போங்க" என்றேன். அன்று நான் நிதானமாக இருந்தது அப்போது மட்டும்தான்.

அலைனர் என்பது பல்லை மெல்ல நகர்த்தி நேராக்கும், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறை. ஒரு நாளில் இருபத்திரண்டு மணி நேரம் மாட்டியிருக்க வேண்டும். சாப்பிடும்போது கழற்றி, பல் துலக்கி, இடுக்குகளில் நூல் விட்டு எடுத்த பிறகே திரும்ப மாட்டலாம். இல்லையென்றால் உள்ளே சிக்கியது அங்கேயே ஊறிப் பல்லைக் கெடுக்கும். என் முன்பல் சந்து மூட ஒன்றரை வருடம் ஆனது. அதற்கு முன் வாயை மூடாமல் நான் எடுத்துக்கொண்ட புகைப்படம் ஒன்றுகூடக் கிடையாது. மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று என்று சில வாரங்களுக்கு ஒரு செட் மாற்ற வேண்டும்; அன்று வாயில் இருந்தது பத்தொன்பதாவது செட். அடுத்தது இன்னும் கைக்கு வரவில்லை. தொலைந்தால் மாட்டிக்கொள்ளப் பழைய செட்டைப் பத்திரமாக வைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். நானோ வீட்டைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று குப்பையில் போட்டிருந்தேன்.

12.40க்கு மண்டபத்தில் முதல் பந்தி. மட்டன் பிரியாணி, தொட்டுக்கொள்ளப் பருப்பும் காயும் போட்ட தால்சா. அலைனர் டப்பா மாடி அறையில் பையோடு கிடந்தது. ஏறி இறங்கச் சோம்பல்பட்டு, கழற்றியதை டிஷ்யூவில் சுற்றி இலையோரம் வைத்தேன். சாப்பாடு பிரமாதம். கறி நார் மட்டும் கடைவாயில் இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டது. பல் துலக்கும் பிரஷும் நூலும் கைப்பையில் இருந்தன. நேராகக் கை கழுவும் இடத்துக்குப் போனேன். நான் நூலை விரலில் சுற்றி இழுப்பதைப் பார்த்த ஒரு அம்மா, "பல்லுக்குத் தையலா போடுறீக?" என்றார். சிரித்துக்கொண்டே பன்னிரண்டு நிமிடத்தில் செய்து முடித்தேன்.

திரும்பி வந்தால் என் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார், அவர் முன்னால் புது இலை! இங்கே நாம் கடைசி வாய் சாப்பிடும்போதே அடுத்த பந்திக்காரர் நாற்காலியைப் பிடித்தபடி நிற்பார். எழுந்த மறுநிமிடம் மேசை விரிப்புப் பேப்பரோடு இலைகளை மொத்தமாகச் சுருட்டிவிடுவார்கள்.

"இலைக்குப் பக்கத்துலயா வச்சீக? பேப்பரோட சேத்துச் சுருட்டியாச்சேம்மா. பின்னாடி மூட்டை கட்டிக் கிடக்கு, குப்பை வண்டி இப்ப வந்துரும்" என்றார் பரிமாறியவர்.

மண்டபத்துக்குப் பின்னால் ஒன்பது மூட்டைகள். பட்டுப்புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு முதல் மூட்டையை அவிழ்த்தேன். எலும்பு, தயிர்ச் சாதம், நூறு டிஷ்யூ. மூன்றாவது மூட்டையில் இருக்கும்போது வண்டி வந்துவிட்டது. டிரைவர் ஹாரனை விடாமல் அடித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்த பாத்திமாவின் மாமி ஜெய்னம்பு, தங்க வளையல்களை முழங்கை வரை ஏற்றிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஏப்பா, ஹாரனை நிப்பாட்டு! பிள்ளையோட பல்லு உள்ள கிடக்கு" என்று அதட்டினார். ஹாரன் நின்றது.

ஆறாவது மூட்டையில் அந்த டிஷ்யூப் பொட்டலம் மாமி கையில் அகப்பட்டது. உள்ளே இரண்டு உறையும் உடையவில்லை. நான் மூச்சு விடுவதற்குள், "எச்சி இலைல கிடந்தது, கொதிதண்ணில போட்டு எடுத்தாத்தான் சுத்தம்" என்று மாமி சமையல்கட்டுக்குள் போய்விட்டார். கொதிநீர் பட்டால் அலைனர் சுருங்கி வளைந்துவிடும், பிறகு பல்லில் உட்காரவே உட்காராது. ஈரத்தில் வழுக்கியபடி ஓடினேன். அவர் கை ஆவி பறக்கும் அண்டாவுக்கு மேலே இருந்தது.

"மாமி, போடாதீங்க!"

நான் போட்ட சத்தத்தில் சமையற்காரர் கரண்டியைக் கீழே போட்டார். மாமி கையை அப்படியே மார்போடு ஒடுக்கிக்கொண்டார்.

குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு, பிரஷால் மூன்று முறை தேய்த்துக் கழுவி மாட்டினேன். 'டக்'. மேலே உட்கார்ந்தது. இன்னொரு 'டக்'. கீழேயும்.

அலைனரோடு விருந்துக்குப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: டப்பா உங்கள் கையோடு இருக்கட்டும், பழைய செட்டும் பையில் இருக்கட்டும். டிஷ்யூவை நம்பாதீர்கள். கழுவப் பச்சைத் தண்ணீர் மட்டும். தொலைந்தே போனால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கிளம்பும்போது மாமி விடவில்லை. "பீர்னி சாப்பிடாமப் போனா எப்புடி?" என்று அந்தப் பால் இனிப்புக்காகக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்தார். திரும்பவும் கழற்ற வேண்டுமே என்று தயங்கினேன். அவர் கழுவித் துடைத்த ஒரு எவர்சில்வர் டப்பாவை நீட்டினார். "இதுல போடும்மா, நான் வச்சுருக்கேன்."

நான் சாப்பிட்டு முடித்து, நூல் விட்டு, பல் துலக்கிவிட்டு வந்தேன். பேப்பரைச் சுருட்டுபவர் மேசை ஓரத்தில் காத்து நின்றார். மாமி இடத்தை விட்டு அசையவில்லை. மடியில் டப்பா, அதன் மூடிமேல் இரண்டு கைகள்.