சொல்லாமல் எழுந்து வந்த வீடு

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவன் நான். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊரில் ஒருவரும் சொல்லாமல் பிரிவதில்லை. பஸ்ஸால் இறங்குகிறவர்கள் பின்கதவில் நின்றுகூட டிரைவருக்கு நன்றி சொல்லிக் கத்துகிறார்கள். டெய்ரி என்று இவர்கள் சொல்லும் மூலைக் கடையில் ஒரு போத்தல் பால் வாங்கினாலும் "பாய்" சொல்லித்தான் வெளியே வர வேண்டும். மனுரேவா என்ற இந்த வெளிநாட்டு ஊருக்கு வந்து ஆறு வருடமாகியும் எனக்கு அது வாயில் வருவதில்லை. நான் வேலை செய்யும், மா பிசைந்து பாண் சுடும் பக்டரியில் மெஷின் சத்தம். அங்கே தலையாட்டினால் போதும்.

எங்கள் தெருவில் என் பெயர் தெரிந்தவர்கள் இரண்டே பேர்: பக்கத்து வீட்டு ரொன், அவர் மனைவி ஜோய்ஸ். செபமாலை என்ற பெயரை அவர்கள் "செப்" ஆக்கிவிட்டார்கள். காலையில் நான் ரயிலுக்கு நடக்கும்போது ஜோய்ஸ் உடுப்புக் காயப்போடும் கொடியடியில் நின்று கை காட்டுவார். "பாய், செப்!" அன்று வேறு ஒருவரும் என்னோடு கதைக்காவிட்டாலும் அது ஒன்று இருக்கும்.

போன வருடம் ரொன் திடீரென்று இறந்துபோனார். மறுநாள் லீவு சொல்லிவிட்டு, வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு போனேன். எங்கள் ஊர் மன்னாரில் செத்தவீட்டுக்கு அழைப்பு இல்லை, பேச்சும் வேண்டியதில்லை. போய் இருப்பதுதான் மரியாதை. ஆனால் இங்கே உடல் வீட்டில் இல்லை. பந்தல் இல்லை, ஒப்பாரி இல்லை. ஜோய்ஸும் மகனும் மேசையில் கடதாசிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் மூலைக் கதிரையில் இருந்தேன். மகன் இரண்டு தரம் வந்து "கான் ஐ ஹெல்ப் யூ?" என்று கேட்டார். "நோ, நோ" என்றேன். மதியத்துக்குப் பிறகு அவர் கராஜிலிருந்து ஓர் ஏணியைத் தூக்கி வந்து, இது உன்னுடையதா, அப்பா இரவல் வாங்கினாரா என்று கேட்டார். அதற்கும் "நோ, நோ" என்றேன். நாலு மணிபோல எழுந்து, எங்கள் வழக்கப்படி ஒருவரிடமும் சொல்லாமல் வந்துவிட்டேன். துக்க வீட்டில் விடைபெறுவது எங்களுக்குக் கூடாத காரியம்.

அடுத்த நாளிலிருந்து கொடியடியில் கை அசையவில்லை. ஜோய்ஸ் என்னைக் கண்டால் கூடைக்குள் குனிந்துகொண்டார். ஒரு கிழமை கழித்து என் மகள் மெலனி அவரிடமே கேட்டு அறிந்து வந்தாள்.

"டாட், ஷீ வாஸ் மேக்கிங் யூ டீ. யூ ஜஸ்ட் லெஃப்ட்."

எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கோப்பையோடு வந்தவர் வெறும் கதிரையைத்தான் கண்டிருக்கிறார். தங்களோடு எனக்கு ஏதோ கோபம் என்று நினைத்திருக்கிறார்.

"காலமை தொடக்கம் இருந்தனீங்கள், ஒரு பாய் சொல்ல ஏலாதோ? வாய்க்குள்ள பாணே வைச்சிருந்தனீங்கள்?" என்றாள் என் மனைவி பிலோமினா.

"செத்தவீட்டில ஆரப்பா சொல்லிக்கொண்டு வாறது?"

"அது அவவுக்குத் தெரியுமோ?"

வேலி இடுப்பளவுதான். மூன்று தரம் அதுவரை போனேன். இங்கிலீசில் வசனம் கூடிவராமல், தண்ணீர்க் குழாயைத் திறந்து பூட்டிவிட்டுத் திரும்பினேன். அப்படியே மாதங்கள் போயின.

இந்த மாதம் ஒரு கடிதம் வந்தது. மன்னாரில் என் அண்ணர் காய்ச்சலில் இறந்துவிட்டார். கடிதம் கைக்கு வந்தபோது முப்பத்தோராம் நாள் பூசையும் முடிந்திருந்தது. நான் ஊரைவிட்டு வந்த அன்று அண்ணர் கடலில் நின்றார். வள்ளம் கரைக்கு வர நேரமாகும் என்றார்கள். வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் அவசரப்படுத்தினான். அவருக்குச் சொல்லாமல்தான் வந்தேன்.

தெரிந்த தமிழர்கள் டெலிபோனில் கதைத்தார்கள். சனி, ஞாயிறு வருகிறோம் என்றார்கள். நான் அதே வெள்ளைச் சேட்டோடு ஹோலில் இருந்தேன். கதவு தட்டும் சத்தம் கேட்டது. ஜோய்ஸ். மழைக் கோட்டையும் கழற்றாமல் உள்ளே வந்து, என் எதிரே இருந்தார். ஒரு சொல் இல்லை. மெலனி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேலிக்கு மேலால் எல்லாவற்றையும் அவள்தான் சொல்லியிருக்கிறாள்: அண்ணர் போனதை, எங்கள் வழக்கத்தை, ரொன் வீட்டில் அன்று நான் இருந்ததன் அர்த்தத்தை.

ஒரு மணித்தியாலம் இருந்தார். பிறகு எழுந்தார். என்னைப் பார்த்து வாயைத் திறந்தவர், நினைவு வந்ததுபோல் மூடிக்கொண்டு, சொல்லாமல் போனார். எங்கள் முறைப்படி, ஒரு குறையும் இல்லாமல்.

வாசல்வரை ஓடினேன். அந்த ஒரு சொல்லுக்காக நான் காத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. மழைக்குள் அவர் தன் கேற்றைத் திறந்துகொண்டிருந்தார். "பாய், ஜோய்ஸ்" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. கேற் பூட்டிய பிறகும் என் கை மேலேயே நின்றது. அது ஜோய்ஸுக்குக் காட்டிய கையா, கடலில் நின்ற அண்ணருக்குக் காட்டிய கையா, எனக்கே தெரியவில்லை.

மனுரேவா, 1997 ஆவணி 17.